கூச்சக்காரனின் களப்பணி

முன்பின் தெரியாதவர்களிடம் பேச எனக்கு வராது. பஸ்ஸில் ஒரு சீட்டின் மேல் துண்டு கிடந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் "ஆள் வருதா?" என்று கேட்கக் கூச்சப்பட்டு, சாத்தூரிலிருந்து மதுரை வரை நின்றுகொண்டே போயிருக்கிறேன். இப்படிப்பட்டவன் தாவரவியல் எடுத்திருக்கலாம். செடி திருப்பிக் கேள்வி கேட்காது. நான் போய்ச் சேர்ந்ததோ இனவரைவியலில். அதாவது, ஊர் பேர் தெரியாத மனிதர்கள் நடுவே போய் உட்கார்ந்து, அவர்களுடைய சாப்பாடு, சண்டை, சாமி, சொத்து எல்லாவற்றையும் பேச்சுக் கொடுத்து வாங்கி எழுதுகிற வேலை.

புத்தகத்திலேயே படித்து ஒப்பேற்றிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். பக்தவத்சல பாரதியின் 'பண்பாட்டு மானிடவியல்' நூலை அடிக்கோடிட்டே கிழித்திருந்தேன். இந்தத் துறையின் மூலவர் மாலினோவ்ஸ்கியையும் விடவில்லை. அதிகாரிகளின் வராந்தாவை விட்டு இறங்கு, கிராமத்து நடுவிலேயே கூடாரம் அடி, அவர்கள் மொழியில் பேசு என்று டிரோபிரியாண்ட் தீவுகளிலிருந்து திரும்பி வந்து 1922-இல் புத்தகம் போட்டவர். அவர் இறந்து பல வருடம் கழித்து, 1967-இல், அவருடைய அந்தரங்க நாட்குறிப்பு மனைவியின் முன்னுரையோடு வெளிவந்தது. பார்த்தால் ஊர்க்காரர்கள் மேல் எரிச்சல், உடம்பைப் பற்றிய புலம்பல், வேலையை விட்டுவிட்டு நாவல் படித்துக் கிடந்த கதை. எனக்குப் பெரிய நூலைவிட இந்த நாட்குறிப்புதான் நெருக்கமாக இருந்தது.

"ஒருத்தர்கிட்டயும் பேசாம என்னத்தப்பா ஆராய்ச்சி பண்ணப் போற?" என்று கேட்ட பேராசிரியர், ஐரோப்பாவில் கோடைக்காலக் களப்பள்ளி ஒன்றுக்கு என்னை விண்ணப்பிக்க வைத்தார். பாதிக் கட்டணம் தள்ளுபடி. இடம், மால்டா நாட்டின் சின்னத் தீவான கோசோ. மாலினோவ்ஸ்கியின் அந்த மனைவி பெயர் வலெட்டா; மால்டாவின் தலைநகரும் வலெட்டா. நல்ல சகுனம் என்று விமானம் ஏறினேன்.

களப்பணி பழகக் கோசோ தோதான இடம். பதினான்கு கிலோமீட்டர் நீளம், சுமார் 40,000 பேர், ஆங்கிலமும் ஆட்சிமொழி. கோடை முழுக்க ஊருக்கு ஊர் புனிதர் திருவிழா. ஊர் நடுவே தேவாலயம், அதன் எதிரே பேண்டு வாத்தியக் கிளப், கிளப்புக்குள் ஒரு பார். சில ஊர்களில் ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு கிளப். கோசோவின் தலைநகர் விக்டோரியாவில் செயின்ட் ஜார்ஜ் கட்சிக்கு ஒரு கிளப், மாதா கட்சிக்கு ஒரு கிளப். ஜார்ஜ் கட்சி 1968-இல் ஓர் ஓபரா அரங்கம் கட்டியது. மாதா கட்சியும் விடாமல் 1976-இல் ஒன்று கட்டியது, அதே தெருவில். இரண்டிலும் வருடா வருடம் ஓபரா நடக்கிறது. இப்படிப்பட்ட கிளப் பகைகளை வைத்து ஜெரமி பாய்சவேன் என்ற மானிடவியலாளர் 1965-இல் 'செயின்ட்ஸ் அண்ட் ஃபயர்வொர்க்ஸ்' என்று ஒரு நூல் எழுதினார். இந்தத் திருவிழாக்கள் இனித் தேய்ந்துபோகும் என்று அதில் கணித்தார். அவை முன்னைவிடப் பெரிதாக வளர்ந்தன. அவரே பிறகு அதைப் பற்றியும் எழுதினார். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

முதல் பயிற்சி, வரைபடம். ஒரு பொது இடத்தில் யார் எங்கே உட்காருகிறார்கள், எப்படி வருகிறார்கள், போகிறார்கள் என்று வரைய வேண்டும். மற்றவர்களுக்கு அது ஒரு மத்தியான வேலை. எனக்கு வரம், யாரிடமும் பேச வேண்டாம். கிளப் பாருக்கு எதிர்ப்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு மேசையையும் வரைந்தேன். தூரத்தைக் காலடி வைத்து அளந்தேன். எந்த நாற்காலி எப்போது நிழலுக்கு வரும், எதன் கால் ஆடும் என்பது வரை குறித்தேன். பயிற்சி முடிந்து எல்லோரும் அடுத்ததற்குப் போன பிறகும், "இன்னும் முழுமை பெறவில்லை" என்று அங்கேயே ஒட்டிக்கொண்டேன். சதுக்கத்துக்குள் தள்ளிப் போட்டிருந்த மேசைகளுக்குச் சிவப்பு மை. அதில் உள்நோக்கம் எதுவும் இல்லை, கையில் இருந்தது சிவப்புப் பேனா.

ஒரு நாள் காலையில் போனால் வெளியே ஒரு நாற்காலி இல்லை. கிழவர்கள் அத்தனை பேரும் உள்ளே புழுக்கத்தில் அடைந்து உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொது இடத்தில் மேசை போடுவதற்கு அங்கே அனுமதி உண்டு, அளவு உண்டு, அதை வைத்து ஓயாத தகராறும் உண்டு. காலடி வைத்து அளந்து, சிவப்பில் குறித்து, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போகிறவனை அவர்கள் வேறு யாரென்று நினைப்பார்கள்? பார்க்காரர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "ஆபீசர், அபராதம் எவ்வளவு?" என்றார்.

1958-இல் பாலித் தீவில் சேவல் சண்டை பார்த்துக்கொண்டிருந்த கிளிஃபர்ட் கீர்ட்ஸும் அவர் மனைவியும், போலீஸ் வந்ததும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து ஓடினார்கள். அன்றிலிருந்து ஊர் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. களப்பள்ளிக்கு வருகிற ஒவ்வொருவரும் தனக்கும் அப்படி ஒரு போலீஸ் வர வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொள்வார்கள். எனக்குப் போலீஸ் வரவில்லை. நானே போலீஸாகிவிட்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் பார்க்காரர் வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். "நாற்காலியெல்லாம் சரிதான். இந்த மூலை மேசைக்காரர்களும் அந்தத் தூண் மேசைக்காரர்களும் ஒரு நிலத் தகராறில் பேசிக்கொள்வதை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. அதை எங்கே குறித்திருக்கிறாய்?" என்றார். அதற்கு என்னிடம் எந்த நிறத்திலும் மை இல்லை.

அடுத்தது களக்குறிப்பு. ஆள் பேசும்போது ஒன்றிரண்டு சொல்லைக் கிறுக்கிக்கொள்ள வேண்டும். அன்றிரவே, வேறு யாரிடமும் அதைச் சொல்லித் தீர்ப்பதற்குள், விரித்து எழுதிவிட வேண்டும். முகத்துக்கு நேரே எழுத முடியாத இடத்தில் என்ன செய்வது? கழிவறைக்குப் போய் எழுதிவிட்டு வருவது இந்தத் தொழிலின் பழைய தந்திரம். வகுப்பில் இதைச் சொன்னதும் எனக்குச் சொர்க்க வாசல் திறந்தது.

நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா லேஸ் பின்னுகிறவர். வைக்கோல் திணித்த நீளத் தலையணையைச் சுவரில் சாய்த்து மடியில் தாங்கி, நூல் சுற்றிய சின்னச் சின்ன மரக்குச்சிகளை மாற்றி மாற்றிப் போடுவார். கை போகிற வேகம் கண்ணுக்குத் தெரியாது. குச்சிகள் மோதிக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்கும். பின்னிக்கொண்டே தெருவின் சரித்திரத்தையும் சொல்வார். நான் கொஞ்ச நேரம் கேட்பேன், ஓடுவேன், எழுதுவேன், வருவேன். மறுபடி கேட்பேன், ஓடுவேன்.

ஒரு நாள் இரவு மற்றவர்களுக்கு முயல்கறி. மால்டாக்காரர்களின் பெருமைக்குரிய சமையல் அது. வைனும் பூண்டும் போட்டு வேகவைத்த வாசனை மாடி வரைக்கும் வந்தது. என் தட்டில் வெறும் சோறும் அரை எலுமிச்சையும். "வயிறு நின்றதா?" என்று வீட்டுக்கார அம்மா தாழ்ந்த குரலில் கேட்டார். இல்லை, நான் குறிப்பெழுதப் போனேன் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். கூச்சம். "பரவாயில்லை" என்றேன். மறுநாள் மளிகைக்கடையில் கேட்காமலே வாழைப்பழம் கட்டிக் கொடுத்தார்கள். அதற்கடுத்த நாள் தேவாலய வாசலில் சாமியார் விசாரித்தார். நண்பரின் நண்பர் வழியாகச் சேதியும் சலுகையும் எப்படி ஓடுகின்றன என்று பாய்சவேன் 1974-இல் ஒரு தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். என் வயிற்றுப்போக்கு அதற்கு ஒரு பின்னிணைப்பு.

குறிப்பில் நேரம் போட வேண்டும் என்பதும் ஒரு விதி. எனக்குப் போன் சார்ஜ் நிற்காது. தேவாலயக் கோபுரத்தைப் பார்த்து எழுதிக்கொள்வேன். மால்டாவில் பல தேவாலயங்களுக்கு முகப்பில் இரண்டு கடிகாரம். ஒன்று ஓடும். மற்றது சில இடங்களில் தேதி காட்டும், சில இடங்களில் வெறும் ஓவியம். சாத்தானைக் குழப்புவதற்காக என்று சொல்வார்கள். என் முதல் நோட்டில் ஊரின் சகல காரியங்களும், பூசையும் சண்டையும் மீன் விற்பனையும், ஒரே நேரத்தில் நடந்திருக்கின்றன.

இதற்கு நடுவே ஒரு நாள் மட்டும் நான் வகுப்பின் கதாநாயகனாக இருந்தேன். உறவுமுறை வரைபடம் பழகிய நாள். முக்கோணம் ஆண், வட்டம் பெண், சமக்குறி கல்யாணம். குடும்பம் குடும்பமாக வம்சாவளியை வாங்கி அதிலிருந்து சமூகத்தைப் படிக்கிற இந்த முறையை வகுத்தவர் டபிள்யூ.ஹெச்.ஆர். ரிவர்ஸ். 1898-இல் டாரஸ் நீரிணைத் தீவுகளில் தொடங்கியதை அவர் அடுத்துக் கொண்டுபோன இடங்களில் ஒன்று நம் நீலகிரி. 1906-இல் வந்த அவருடைய தோடர் பற்றிய நூலில் வம்சாவளி அட்டவணைகள் பக்கம் பக்கமாக ஓடும். ஆளுக்கொரு பலகையில் அவரவர் குடும்பத்தை வரையச் சொன்னார்கள். டச்சுக்காரப் பையன் நிமிஷத்தில் முடித்துவிட்டான். என் அக்காளைக் கட்டியவர் எங்கள் தாய்மாமன். சமக்குறி ஒரு தலைமுறையிலிருந்து இன்னொன்றுக்குச் சாய்வாக ஏற வேண்டும். மாமாவுக்கு என் அம்மா உடன்பிறந்த அக்கா, அவரே மாமியாரும். எனக்கு அக்கா, அத்தை முறையும் ஆகிறாள். பலகையைச் சுற்றிக் கூட்டம். போட்டோ எடுத்தார்கள். "அற்புதமான தரவு" என்றார் ஆசிரியை. கல்யாணம் பண்ணியது அக்கா. கைதட்டு வாங்கியது நான்.

அந்த மப்பு இறங்குவதற்குள் ஒரு கோசோக் குடும்பத்தை வரையக் கிளம்பினேன். தாத்தா ஜார்ஜ், பேரன்கள் ஜார்ஜ், அத்தைகள் எல்லாம் மேரி. குடும்பப் பெயர்களும் தீவு முழுக்கக் கொஞ்சம்தான். அதனால் பட்டப்பெயர் வைத்துத்தான் யார் வீட்டு ஜார்ஜ் என்று பிரித்துச் சொல்வார்கள். இதைப் படித்திருந்தேன். என் படிவத்தில் அதற்கு ஒரு கட்டமும் போட்டிருந்தேன். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, பேனாவைத் திறந்து, "உங்கள் குடும்பத்துப் பட்டப்பெயர் என்ன?" என்றேன். பேச்சு நின்றது. பாட்டி எழுந்து உள்ளே போனார். அந்தப் பெயரை ஊரே சொல்லும், அவர்கள் காதுபடச் சொல்லாது என்று லேஸ் அம்மா அன்றிரவு சொன்னார். எங்கள் ஊரில் ஒரு வீட்டில் நுழைந்து இதையே கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் படிவத்தில் கட்டம் காலியாக இருந்ததே.

ஒப்புதல் படிவக் கதையையும் சொல்லிவிடுகிறேன், சின்னதுதான். ஆஸ்திரேலியா போய்த் திரும்பிய ஒரு பெரியவர். வீட்டு முகப்பில் கல்லில் கங்காரு செதுக்கியிருப்பார். கையெழுத்து கேட்டேன். "ஒரு தடவை ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். மெல்போர்னில் முப்பது வருஷம் போனது" என்றார். நான் விடாமல் ஒவ்வொரு ஷரத்தாக விளக்க, அவர் அதற்கிடையிலேயே கப்பல், குளிர், முதல் சம்பளம் என்று முழுக்கதையையும் சொல்லி முடித்துவிட்டார். கையெழுத்து விழவில்லை என்பதால் ரிக்கார்டரும் ஓடவில்லை.

இனிச் சொல்லப்போவதுதான் இன்றும் நினைத்தால் காது சூடாகிற விஷயம். நீள்நேர்காணல் பயிற்சிக்கு எனக்குக் கிடைத்தவர் ஊரின் பட்டாசுக்காரர். பகலில் தச்சுவேலை. மாலையில் ஊருக்கு வெளியே வயல் நடுவில் இருக்கும் வெடிக்கூடத்தில் சம்பளம் இல்லாத வேலை. மால்டாவில் திருவிழாப் பட்டாசு பெரும்பாலும் இப்படித்தான் தயாராகிறது. புனிதருக்காக, ஊர் மானத்துக்காக, தொண்டர்கள் செய்வது. ஆபத்து இல்லாமல் இல்லை. 2010 செப்டம்பரில் இதே கோசோவில், ஆர்ப் என்ற ஊரில் ஒரு வெடிக்கூடம் வெடித்து ஆறு பேர் செத்தார்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இத்தனைக்குப் பிறகும் ஏன்? அதை நோட்டில் முதல் வரியாக எழுதி, கட்டம் கட்டி வைத்திருந்தேன்.

மொட்டைமாடியில் உட்கார்ந்தோம். அவர் தக்காளி தேய்த்த ரொட்டியும் பீரும் வைத்தார். எந்த ஊர் என்றார். சிவகாசிப் பக்கம் என்றேன். அவர் கண் விரிந்தது. அவ்வளவுதான், என் கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை. அப்புறம் நடந்ததை ரிக்கார்டர்தான் சொல்ல வேண்டும்.

ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நாலைந்து மணி நேரமாவது பிடிக்கும். ஹெட்போனை மாட்டி உட்கார்ந்தேன். என் குரல். நிறுத்தி, தள்ளி, ஓடவிட்டேன். என் குரல்தான். இந்தியப் பட்டாசில் பெரும்பகுதி எங்கள் ஊரில்தான் என்கிறேன். மழை குறைந்த பூமி என்கிறேன். தீப்பெட்டியில் தொடங்கியது என்கிறேன். கூலி, தீபாவளி, கோர்ட் தீர்ப்பு, ஒன்றையும் விடவில்லை. அந்த மனிதரோ, நேர்காணல் கையேடு சொல்கிற அத்தனையையும் பிசகாமல் செய்கிறார். "ம்." "அப்புறம்?" "ஏன் அப்படி?" நடுவில் சும்மா இருந்து, நான் தானாகத் தொடரும்படி விடுகிறார். ஓர் இடத்தில் மட்டும், "அந்த வருஷம் நாங்கள் கூடத்துக்குத் திரும்பப் போனபோது..." என்று அவர் தொடங்குகிறார். "எங்கள் ஊரிலும் அப்படித்தான்" என்று என் குரல் பாய்கிறது. அவர் நிறுத்திக்கொள்கிறார்.

இதில் இன்னொரு சங்கடம். நான் பட்டாசுத் தொழிற்சாலைக்குள் காலடி வைத்ததே இல்லை. அப்பாவுக்குச் சாத்தூரில் ஜெராக்ஸ் கடை. பதிவின் கடைசியில் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: "நீலத்தை எப்படி எடுக்கிறீர்கள்?" வாணவேடிக்கையில் கஷ்டமான நிறம் நீலம்தான். செம்பு உப்பு போடுவார்கள். சூடு கொஞ்சம் தாண்டினாலும் நிறம் வெளுத்துவிடும். இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அன்று நான் பீரை வைத்துவிட்டு, நிதானமாக, "அது பரம்பரை ரகசியம்" என்றிருக்கிறேன்.

எழுத்துப்படியைப் பார்த்த ஆசிரியை, "நல்ல நேர்காணல். அவருடைய களப்பள்ளி எங்கே?" என்று ஓரத்தில் எழுதிவிட்டு, திரும்பப் போகச் சொன்னார்.

போனேன். அவர் மேசையில் ஒரு பழைய நோட்டு தயாராக இருந்தது, நீலத்துக்கு இதுவரை போட்டுப் பார்த்த கலவைகளெல்லாம் எழுதியது. இந்தியாக்காரன் ரகசியம் வைத்திருக்கிறான் என்று கிளப் முழுக்கச் சொல்லியும் இருந்தார். உண்மையைச் சொன்னேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்படியானால் வெங்காயம் உரி" என்று அடுப்படிக்குள் கூட்டிப்போனார்.

நான் வாயைத் திறக்கவில்லை. இந்த முறை திறக்க எதுவும் பாக்கி இல்லை. வீடு வீடாகப் பணம் பிரிப்பதைச் சொன்னார். ஒரே குண்டு மேலே போய் அடுத்தடுத்துப் பல தடவை விரிய வேண்டும். ஒன்று தப்பினாலும் பக்கத்து ஊர்க்காரன் அடுத்த வருஷம் வரை சொல்லிச் சிரிப்பான் என்றார். திருவிழா இரவில் அவரைப் பார்த்தேன். சனமெல்லாம் வாயைப் பிளந்து நிற்க, அவர் உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. கடைசி வெடிக்கு அப்புறம்தான் மூச்சு விட்டார்.

கட்டம் கட்டிய கேள்வியையும் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டேன். "அதை இவளிடம் கேள்" என்று மனைவியைக் காட்டினார். அந்த அம்மாவிடம் இதுவரை யாரும் கேட்டதில்லைபோல. ஒவ்வொரு மாலையும் வண்டிச் சத்தம் திரும்பி வருகிறதா என்று ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே சமைப்பதில் தொடங்கி, கணவரின் கிளப்பையும் பக்கத்து ஊர்க் கிளப்பையும் பாகுபாடில்லாமல் வைதுவிட்டு, இந்த வருஷ வசூலுக்குத் தான் கொடுத்த தொகையில் முடித்தார். அது கணவர் நினைத்திருந்ததைவிட அதிகம். என் அறிக்கையில் படிக்கும்படி இருப்பது அந்த அம்மா பேசியது மட்டும்தான். மற்றது நாற்காலி.

பட்டாசுக்காரர் இப்போதும் தீபாவளிக்குத் தீபாவளி வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்புகிறார். கீழே ஒரு நீலப் புள்ளியும் கேள்விக்குறியும் இருக்கும். போன வருஷம் மனசு கேட்காமல் சிவகாசியில் இருக்கும் மாமாவிடம், அந்தச் சாய்வு சமக்குறி மாமாவிடம்தான், விசாரித்தேன். "டேய், நான் காலண்டர் அடிக்கிறவன். என்கிட்ட நீலம் கேட்டா மை டப்பாவைத்தான் காட்டுவேன். கோயில் தெருவுல ஒரு போர்மேன் இருக்காரு. நாற்பது வருஷ அனுபவம். தங்கமான மனுஷன். போய்க் கேளு" என்றார்.

கோயில் தெருப் பக்கம் போனேன். போர்மேன் வாசல் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். படிக்கிற மனுஷனை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று, திண்ணை எத்தனை அடி இருக்கும் என்று மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.